‘கடல்’ நடுவே ஓர் ஓட்டை: அட்டை வடிவமைப்பு கேள்வி – பதில்

நூல் அட்டைகள், எழுத்துருக்கள் ஆகியவை பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களுள் கிராஃபிக் டிசைன் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவருடையது எட்டுப் பக்கம் நீண்டிருந்தது. தம் பாடப் பயிற்சிகளைப் பற்றி அவர் குறிப்பேட்டில் எழுதிவைத்த எண்ணங்களையே கேள்விகளாக மாற்றி அனுப்பியிருக்கிறார். எனவே இம்முறை பெரும்பாலான கேள்விகள் அவருடையவை. மற்றவர்கள் எழுதியவற்றில் பொருத்தமான சிலவற்றை இடையில் சேர்த்திருக்கிறேன்.

மாணவி: ஆயிரக்கணக்கான எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அப்படியிருக்க, எங்கள் துறையில் ஆறு வாரம் பென்சிலும் தூரிகையும் கொண்டு எழுத்து வரையச் சொன்னார்கள். நான் எழுத்துரு உருவாக்கும் வேலைக்குப் போகப்போவதில்லை, அட்டை செய்யவே விரும்புகிறேன். இந்தப் பயிற்சியால் எனக்கு என்ன பயன்?

அந்த ஆறு வாரத்தில் நீங்கள் வரையக் கற்றீர்களோ இல்லையோ, பார்க்கக் கற்றிருப்பீர்கள். நாம் ஐந்து வயதிலிருந்து எழுத்தை வாசித்துக்கொண்டிருக்கிறோம். வாசிக்கத் தெரிந்த கணத்திலிருந்து எழுத்தின் வடிவம் நம் கண்ணுக்குப் படுவதேயில்லை. அதை மறுபடியும் ஒரு கோடாக, வளைவாக, கறுப்பாக, வெள்ளையாகப் பார்க்க வைப்பதற்கு வரைவதைத் தவிரக் குறுக்குவழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

‘ட’, ‘ல’ இரண்டையும் வரைந்திருப்பீர்கள். ‘ட’வின் அடிக்கோடு தட்டையாக அடிவரியில் (எழுத்துகள் வரிசையாக நிற்கும் கற்பனைக் கோட்டில்) அமர்ந்திருக்கும். ‘ல’வின் அடி வளைவானது. இரண்டையும் அளவுகோல் வைத்து ஒரே உயரத்தில் வரைந்தால் ‘ல’ சற்றுக் குட்டையாகவும் அடிவரிக்கு மேல் மிதப்பதுபோலவும் தோன்றும். அதனால்தான் வளைந்த எழுத்துகளை அடிவரிக்குக் கீழே ஒரு மயிரிழை இறக்கி வரைகிறார்கள். ஆங்கில ‘ஓ’ எழுத்திலும் இதே தந்திரம்தான். அதுபோலவே, படுக்கைக் கோட்டையும் நிமிர்கோட்டையும் ஒரே தடிமனில் வரைந்தால் படுக்கைக் கோடு தடித்துத் தெரியும். ஆகவே அதைச் சற்று மெலிவாக்க வேண்டும். அளவுகோல் சரி என்று சொல்வதைக் கண் தவறு என்று சொல்லும் இடங்கள் இவை. இரண்டுக்கும் சண்டை வந்தால் கண்ணின் பக்கம் நிற்க வேண்டும் என்பதைக் கையால் வரைந்தவர்கள் எளிதில் மறப்பதில்லை.

இனி அட்டைக்கு வருவோம். ‘கடல்’ என்ற மூன்றெழுத்துத் தலைப்பை ஏதாவது ஓர் எழுத்துருவில் 120 பாயிண்ட் அளவில் அடித்துப் பாருங்கள். ‘ட’வின் இடப்புறம் ஒரு நிமிர்கோடு, கீழே ஒரு படுக்கைக் கோடு, அவ்வளவுதான். மேற்புறமும் வலப்புறமும் திறந்து கிடக்கின்றன. அந்தத் திறப்பை அடுத்து ‘ல்’ வருவதால், சொல்லின் நடுவே ஓர் ஓட்டை விழுந்ததுபோல் வெள்ளை தேங்கி நிற்கும். 11 பாயிண்ட் அளவில் உள்பக்கத்தில் இது யாருக்கும் தெரியாது. அட்டையிலோ தலைப்பு ‘க’ என்றும் ‘டல்’ என்றும் இல்லாமல், ‘கட’ என்றும் ‘ல்’ என்றும் உடைந்து நிற்கும். மாணவர்கள் பெரும்பாலும் ‘ல்’லை உள்ளே நெருக்கிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். ‘ட’வின் அடிக்கோடு தடுப்பதால் ஓரளவுக்கு மேல் நெருக்கவும் முடியாது. நான் செய்வது வேறு: சொல்லில் ஆகப் பெரிய வெள்ளை எதுவோ அதை முதலில் இயன்ற அளவு குறைத்து, பிறகு மற்ற இடைவெளிகளை அதற்கு ஈடாகச் சற்றே அகற்றுவேன். இங்கே ‘க’வுக்கும் ‘ட’வுக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டால் ஓட்டை ஓட்டையாகத் தெரியாது. கெர்னிங், அதாவது எழுத்துக்கு எழுத்து இடைவெளியைச் சரிசெய்வது, என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பது எண்களைக் கூட்டிக் குறைப்பதாக உங்களுக்குத் தோன்றியிருந்தால், தலைப்பைத் தலைகீழாகத் திருப்பிவைத்துப் பாருங்கள். மூளை வாசிப்பதை நிறுத்திவிடும், வெள்ளை மட்டும் தெரியும்.

மாணவி: அச்செழுத்து வகுப்பில் “நல்ல எழுத்து கண்ணுக்குத் தெரியக்கூடாது” என்கிறார்கள். அட்டை வகுப்பில் “தலைப்பு கண்ணைப் பிடித்து இழுக்க வேண்டும்” என்கிறார்கள். இரண்டு ஆசிரியர்களும் அடுத்தடுத்த அறைகளில்தான் இருக்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

முதலாமவர் சொல்வது அச்சுக்கலை பற்றி எழுதிய பியாட்ரிஸ் வார்ட் என்பவரின் புகழ்பெற்ற உவமையிலிருந்து வருகிறது. மதுவின் சுவையறிந்தவர் பொற்கிண்ணத்தை விட்டுவிட்டுத் தெளிந்த கண்ணாடிக் கோப்பையையே எடுப்பார், ஏனெனில் கோப்பையைக் காட்டிலும் உள்ளே இருப்பதைப் பார்ப்பதே அவருக்கு முக்கியம் என்று அவர் 1930-களில் வாதிட்டார். முந்நூறு பக்கம் தொடர்ந்து வாசிக்கப்படும் உள்பக்கங்களுக்கு அது முற்றிலும் பொருந்தும். அட்டையின் நிலை வேறு. அதை முதலில் பார்ப்பவர் இன்னும் வாசகராகவில்லை. அலமாரியில் நாலடி தள்ளி நிற்கிறார், அல்லது கைப்பேசித் திரையில் தபால்தலை அளவில் பார்த்துக்கொண்டே கடந்துபோகிறார். அவரை நிறுத்தியாக வேண்டும்.

ஆனால் நிறுத்திய பிறகு? இங்கேதான் இருவரும் ஒரே பாடத்தைச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். முதல் பார்வையில் எழுத்து இழுக்கலாம். இரண்டாம் பார்வையில் அது நூலுக்கு வழிவிட வேண்டும். அட்டையைக் கையில் எடுத்தபின்னும் “எவ்வளவு அழகான எழுத்து” என்ற எண்ணம் மட்டுமே எஞ்சினால், அந்த வடிவமைப்பாளர் தம்மைத்தான் விளம்பரம் செய்திருக்கிறார்.

யான் சிக்கோல்டு என்ற அச்சுக்கலைஞரைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். 1928-இல் அவர் எழுதிய நூலில் சமச்சீரற்ற அமைப்பையும் செரிஃப் (கோட்டின் முனையில் வரும் சிறு குறுக்குக்கோடு) இல்லாத எழுத்துகளையும் தீவிரமாக முன்வைத்தார். 1947 முதல் 1949 வரை பெங்குவின் என்ற ஆங்கிலப் பதிப்பகத்தில் பணியாற்றியபோதோ, பழைய செரிஃப் எழுத்துகளையும் நடுவில் நிறுத்திய தலைப்புகளையும் தயங்காமல் பயன்படுத்தினார். தாம் வகுத்த விதியையே பின்னாளில் தளர்த்திக்கொண்டவர் ஒன்றை மட்டும் விடவில்லை. அச்சுக்கோப்பவர்களுக்கு நான்கு பக்க விதிமுறைத் தாள் எழுதினார். ‘எழுத்திடைவெளிகளைக் கண்ணுக்குத் தெரியும் அளவின்படி சமன் செய்க’ என்று ஒரு ரப்பர் முத்திரையே செய்துவைத்து, திருத்தப்படிகளில் குத்தி அனுப்பினார். எந்தக் கட்சியில் இருந்தாலும் ‘கடல்’ நடுவே ஓட்டை விழக்கூடாது என்பதுதான் அந்த முத்திரையின் பொருள். இரண்டு ஆசிரியர்களையும் ஒருநாள் ஒரே அறையில் உட்காரவைத்து இதைக் கேளுங்கள். எனக்கும் பதில் எழுதுங்கள்.

ஒரு கவிஞர்: என் முந்தைய தொகுப்பில் என் பெயர் 18 பாயிண்ட் அளவில் இருந்தது. புதிய தொகுப்பிலும் 18 பாயிண்ட் என்றுதான் சொன்னேன். அட்டை வந்தபோது பெயர் சுருங்கிப்போயிருக்கிறது. வடிவமைப்பாளர் அளவு சரிதான் என்று சாதிக்கிறார். யார் பொய் சொல்கிறார்கள்?

இருவருமே உண்மை சொல்கிறீர்கள், பொய் சொல்வது பாயிண்ட்தான். இன்றைய கணினி அளவில் ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட். ஆனால் அது எழுத்தின் உயரத்தைக் குறிப்பதன்று. ஈய அச்சுக் காலத்தில் எழுத்தைத் தாங்கி நின்ற உலோகக் கட்டையின் உயரத்தையே அது குறித்தது. கட்டைக்குள் எழுத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பது அதைச் செய்தவரின் விருப்பம். கணினியிலும் அந்தக் கட்டை, கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியாக, இன்னும் இருக்கிறது. தமிழில் மேலே ‘கீ’யின் சுழியும் கீழே ‘மூ’வின் வாலும் அந்தப் பெட்டிக்குள் அடங்க வேண்டியிருப்பதால் எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபாடு மிக அதிகம். அடுத்த முறை பாயிண்ட் சொல்லாதீர்கள். பழைய அட்டையைக் காட்டி, “இதில் ‘க’ எத்தனை மில்லிமீட்டரோ அத்தனை” என்று சொல்லுங்கள்.

பெயர் பெரிதாக வேண்டும் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தலைப்பை விடப் பெரிதாக வேண்டும் என்று கேட்காதவரை நான் கவிஞர்களின் பக்கம்தான்.

முதலாண்டு மாணவர் ஒருவர்: இன்டிசைனில் தமிழை ஒட்டினால் ‘கொடி’ உடைந்துவிடுகிறது. கொம்பு ஓரிடத்தில், கால் ஓரிடத்தில். என்ன செய்வது?

இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் பத்தி அமைப்புகளில், இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகச் சேர்த்துத் தரும் ‘வேர்ல்ட்-ரெடி’ கம்போஸரைத் தேர்ந்தெடுங்கள். ஃபோட்டோஷாப்பிலும் எழுத்து விருப்பங்களில் இதற்கு ஒரு தேர்வு உண்டு. அதற்குப் பிறகும் உடைந்தால், உங்கள் எழுத்துரு யூனிகோடுக்கு முந்தைய குறியேற்றத்தில் செய்யப்பட்ட பழைய எழுத்துருவாக இருக்கலாம், அதைக் கைவிடுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கில அட்டைகளைப் பார்த்துவிட்டு எழுத்துகளை அகலப் பரப்பும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் தனித்தனியாக நிற்கப் பழகியவை. தமிழில் ‘தேடல்’ என்பதைப் பரப்பினால் ‘ே’ தன் ‘த’வை விட்டு விலகிப் போய், நான்கு உறுப்புகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவைபோல் நிற்கும். பரப்பித்தான் ஆக வேண்டுமென்றால் ‘தே’யை ஒரே அலகாகக் கட்டிவைத்துக்கொண்டு கையால் பரப்புங்கள்.

மாணவி: ஒரு பருவம் முழுவதும் படமே இல்லாமல், ஒரே எழுத்துரு, இரண்டே நிறம் கொண்டு பன்னிரண்டு அட்டைகள் செய்யச் சொன்னார்கள். ஏழாவது அட்டைக்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. இது பயிற்சியா, தண்டனையா?

ஏழாவது அட்டை வரைக்கும் தண்டனை. அதற்குப் பிறகுதான் பயிற்சி. முதல் ஏழும் நீங்கள் எங்கேயோ பார்த்தவற்றின் நினைவு. அந்தச் சேமிப்பு தீர்ந்து கை வெறுமையாகும் இடத்தில்தான் தலைப்பையே உற்றுப் பார்க்கத் தொடங்குவீர்கள்.

1935-இல் பெங்குவின் மலிவுப் பதிப்புகள் வெளிவந்தபோது அட்டையில் படம் கிடையாது. மூன்று படுக்கைப் பட்டைகள். மேலும் கீழும் நிறம், நடுவில் வெள்ளை, அதில் கில் சான்ஸ் என்ற எழுத்துருவில் தலைப்பும் ஆசிரியர் பெயரும். நாவலுக்கு ஆரஞ்சு, துப்பறியும் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்கு நீலம். அதை வடிவமைத்த எட்வர்ட் யங்குக்கு அப்போது வயது 21, ஏறத்தாழ உங்கள் வயது. பதிப்பகத்தின் அடையாளப் பறவையான பெங்குவினை வரைந்து வருவதற்காக அவரை விலங்குக்காட்சிச் சாலைக்கு அனுப்பினார்கள். அவரிடம் இருந்ததும் ஓரிரு எழுத்துருவும் இரண்டு நிறமும்தான்.

என் வருத்தம் ஒன்றே ஒன்று. பன்னிரண்டு அட்டைகளுக்கும் உங்களுக்குக் கற்பனைத் தலைப்புகளைக் கொடுத்திருக்கிறார்கள் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். கற்பனைத் தலைப்பு எதிர்த்துப் பேசாது. உண்மையான நூலுக்கு நீளமான தலைப்பு இருக்கும், அதற்கொரு துணைத்தலைப்பு இருக்கும், மொழிபெயர்ப்பாளர் பெயர் கடைசி நாளில் வந்து சேரும். பாடத்திட்டம் வகுப்பவர்கள் பன்னிரண்டில் நான்கையாவது அப்படிப்பட்ட அடங்காத நூல்களாகக் கொடுக்கலாம்.

மாணவி: இறுதித் தேர்வுக்கு அட்டையை அச்சிட்டுக் கொடுத்தேன். கரும்பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து. திரையில் அருமையாக இருந்தது. அச்சில் பச்சை மங்கிப்போனது. அதை விடக் கொடுமை, பின்னட்டைக் குறிப்பில் பாதிப் புள்ளிகள் காணாமல் போய்விட்டன. தேர்வாளர்கள் எழுத்துப்பிழை என்று மதிப்பெண் குறைத்தார்கள். தவறு அச்சகத்துடையதுதானே?

நிறம் மங்கியதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. திரை ஒளியை உமிழ்கிறது, தாள் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியைத்தான் திருப்பித் தருகிறது. திரையில் மின்னும் பல பச்சைகளும் நீலங்களும் நான்கு மைகளின் எல்லைக்குள் அடங்காதவை. தொடக்கத்திலேயே சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய அந்த நான்கு அச்சு மைகள்) முறையில் வேலை செய்திருந்தால் இந்த ஏமாற்றம் முன்கூட்டியே வந்திருக்கும்.

புள்ளிகள் போனதற்குப் பெரும்பங்கு உங்களுடையதுதான், மன்னிக்கவும். கரும்பச்சை என்பது நான்கு மைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து உண்டாகும் நிறம். வெள்ளை எழுத்து என்று ஒரு மை கிடையாது; நான்கு மைகளும் ஒரே இடத்தில் விலகி நிற்பதால் தெரியும் வெறும் தாள்தான் அது. மைக்கு ஒன்றாக இருக்கும் நான்கு பிளேட்டுகளில் (அச்சுத் தகடுகளில்) ஒன்று அரைமயிர் நகர்ந்தாலும் அந்தத் துளையை ஒரு பக்கமிருந்து மை அடைத்துவிடும். பெரிய எழுத்தில் ஓரம் சற்று மங்குவதோடு போய்விடும். 8 பாயிண்ட் எழுத்தின் புள்ளி அப்படியே மூடிக்கொள்ளும். ‘பல்’ என்று நீங்கள் எழுதியது ‘பல’ என்று அச்சாகும். ஆங்கிலத்தில் ‘ஐ’ எழுத்தின் மேற்புள்ளி போனாலும் வாசகர் ஊகித்துக்கொள்வார். தமிழில் புள்ளி ஓர் அலங்காரமன்று, அது போனால் வேறு சொல். தேர்வாளர்கள் எழுத்துப்பிழை என்றது அந்த வகையில் நியாயமே.

இதற்கு வழி உண்டு. சிறிய எழுத்து வரும் இடத்தில் பின்னணியை ஒன்றிரண்டு மைகளுக்குள் அடக்குங்கள். எழுத்தை ஒரு படி தடிப்பாக்குங்கள். புள்ளி பெரிதாகவும் எழுத்தை விட்டுச் சற்று விலகியும் இருக்கும் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். ‘ர’வின் காலில் சாய்ந்து இறங்கும் கோடு தெளிவாக இருக்கிறதா, ‘ா’விலிருந்து அது பிரித்தறியப்படுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். எழுத்துரு தேர்வு செய்யும்போது நான் முதலில் அடித்துப் பார்ப்பது ‘அ’வையோ ‘ழ’வையோ அன்று. ‘க்’, ‘ர்’, ‘ணி’, ‘னி’ ஆகியவற்றை மிகச் சிறிய அளவில் அச்சிட்டு, கண்ணாடி இல்லாமல் வாசித்துப் பார்ப்பேன். என் வயதில் அது நல்ல சோதனை.

பதிப்புத்துறையில் புதிதாகச் சேர்ந்த ஒருவர்: நூலின் முதுகு அகலத்தை எப்படிக் கணக்கிடுவது? முதுகில் எழுத்து மேலிருந்து கீழே ஓட வேண்டுமா, கீழிருந்து மேலேயா?

பக்க எண்ணிக்கையை இரண்டால் வகுத்தால் தாள்களின் எண்ணிக்கை. அதைத் தாளின் தடிமனால் பெருக்குங்கள். 320 பக்கம் என்றால் 160 தாள். தாள் 0.1 மில்லிமீட்டர் என்றால் முதுகு 16 மில்லிமீட்டர். கணக்கு இவ்வளவு எளிது என்பதால்தான் நான் ஒருமுறை ஏமாந்தேன். நான் அட்டையை முடித்து அனுப்பிய பிறகு, அச்சகத்தில் 0.08 மில்லிமீட்டர் தாளுக்கு மாறிவிட்டார்கள். யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதுகு 12.8 மில்லிமீட்டராகச் சுருங்கியது. முதுகுக்கு மட்டும் அடர்சிவப்பு, முன்னட்டைக்கு வெளிர்மஞ்சள் என்று நறுக்காகப் பிரித்திருந்தேன். கட்டி வந்த படிகள் அத்தனையிலும் 3 மில்லிமீட்டர் சிவப்பு முன்னட்டை ஓரத்தில் ஏறி நின்றது. அன்றுமுதல் இரண்டு பழக்கங்கள்: தாள் எது என்று எழுத்தில் வாங்காமல் முதுகைத் தொடுவதில்லை, மடிப்புக் கோட்டில் நிறம் மாறும்படி வடிவமைப்பதுமில்லை. பின்னணி முதுகைச் சுற்றி முன்னட்டைக்குள் ஓடிவந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகு யார் கண்ணுக்கும் தெரியாது. வெட்டும் ஓரங்களில் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நிறத்தை நீட்டிவிட மறக்காதீர்கள்.

எழுத்தின் திசையில் உலகம் ஒத்துப்போகவில்லை. ஆங்கில நூல்களில் மேலிருந்து கீழே. பிரெஞ்சு நூல்களில் பெரும்பாலும் கீழிருந்து மேலே. நான் மேலிருந்து கீழே என்பதையே பின்பற்றுகிறேன், ஏனெனில் நூலை முன்னட்டை மேலே இருக்கும்படி மேசையில் வைத்தால் முதுகெழுத்து நேராக வாசிக்கக் கிடைக்கும். எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் மூன்றாவது வழி இருப்பதாக யாராவது சொன்னால், ‘தேடல்’ என்று எழுதி அடுக்கிக்காட்டச் சொல்லுங்கள்.

மாணவி: கடைசியாக ஒரு சங்கடமான கேள்வி. அட்டை செய்யும் நூல்களை நீங்கள் உண்மையிலேயே முழுவதும் வாசிக்கிறீர்களா? எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் பின்னட்டைச் சுருக்கத்தை வாசித்துவிட்டுத் தொடங்கிவிடுகிறார்கள். நானும்தான்.

எல்லாவற்றையும் வாசிக்கிறேன் என்று சொன்னால் பொய். கணக்கியல் பாடநூலுக்கு நான் வாசிப்பது பொருளடக்கமும் முதல் அத்தியாயமும். புனைவையும் கவிதையையும் முழுவதும் வாசிக்காமல் தொடுவதில்லை.

ஆல்வின் லஸ்டிக் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 1940-களில் நியூ டைரக்‌ஷன்ஸ் பதிப்பகத்துக்கு இலக்கிய நூல்களின் அட்டைகள் பல செய்தார். கதையின் காட்சி ஒன்றை எடுத்து வரைவது அவர் வழக்கமன்று. நூலை வாசித்து, அதன் மொத்த உணர்வுக்கு ஈடான ஒரு வடிவத்தைத் தேடுவார். நீரிழிவால் 1954-க்குள் பார்வையை ஏறக்குறைய முழுவதும் இழந்தார். அதன்பிறகும், எங்கே எந்த நிறம், எந்த எழுத்து என்று வாயால் சொல்லச் சொல்ல, மனைவியும் உதவியாளர்களும் செய்துகொடுத்தார்கள். 1955-இல் நாற்பது வயதில் இறக்கும்வரை அப்படியே வேலை செய்தார். கண் இல்லாமல் அட்டை செய்ய முடிந்தது. நூலுக்குள் போகாமல் முடிந்திருக்குமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பின்னட்டைச் சுருக்கம் கதையில் என்ன நடக்கிறது என்று சொல்லும். அது எந்தக் குரலில் சொல்லப்படுகிறது என்பதைச் சொல்லாது. எழுத்துரு தேர்வுக்கு எனக்குத் தேவைப்படுவது குரல்தான். சிறு சிறு வாக்கியங்களில் பேசும் கதைசொல்லிக்குச் சுழியும் வாலுமாக வளைந்து நெளியும் எழுத்தைக் கொடுத்தால், வாசகர் முதல் பக்கத்திலேயே ஏதோ இடறுவதை உணர்வார். காரணம் மட்டும் தெரியாது. வாசிக்கும்போது ஓரத்தில் பென்சிலால் சொற்களைக் குறித்துக்கொண்டே போவேன். அண்மையில் ஒரு நாவலில் அப்படிக் குறித்தவற்றில் ‘கதவு’ என்ற சொல் பதினோரு முறை வந்திருந்தது. ஆனால் எந்த இடத்திலும் யாரும் அதைத் திறக்கவில்லை. அட்டையில் கதவைப் போடவில்லை. தலைப்பை மட்டும் முன்னட்டையின் வலது ஓரத்தில், நூலைத் திறக்கும்போது விரல் படும் இடத்துக்கு மிக அருகில் நிறுத்தினேன்.